தண்ணீருக்கு அடியில் 60 மணி நேரம்!

இருட்டுக் குகையில் தன்னந்தனியாகச் சிக்கிய ஆசிரியர்

சுற்றிலும் பாறை. கீழே தண்ணீர். கண்ணைத் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் இருட்டு. கூப்பிட்டால் கேட்க யாரும் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதர் 60 மணி நேரம் தனியாக இருந்தார். உயிரோடு திரும்பினார்!

இது கட்டுக்கதை அல்ல. 2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஸ்பெயின் நாட்டில் நடந்த உண்மைச் சம்பவம்.

குகை ஆசிரியர்

அவர் பெயர் ஷிஸ்கோ கிராசியா. அப்போது அவருக்கு வயது 54. மல்லோர்க்கா தீவைச் சேர்ந்தவர். மண்ணையும் பாறையையும் பற்றி மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனார்.

மல்லோர்க்கா, மத்திய தரைக்கடலில் உள்ள தீவு. அந்தத் தீவின் நிலத்துக்கு அடியில் பல குகைகள் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. விடுமுறை நாட்களில் அந்தக் குகைகளுக்குள் மூழ்கிச் சென்று, வழிகளை அளந்து படம் வரைவது கிராசியாவின் வழக்கம்.

தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடுவது? முதுகில் காற்று அடைத்த சிலிண்டரைக் கட்டிக்கொள்வார்கள். அதிலிருந்து ஒரு குழாய் வாய்க்கு வரும். இதற்கு "ஸ்கூபா" என்று பெயர். மூச்சை இழுத்தால் மட்டும் காற்று வரும்படியான கருவியை, 1943-ம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்களான கூஸ்டோ, கன்யான் ஆகிய இருவரும் உருவாக்கினார்கள். அதன் பிறகே இந்த முறை உலகம் எங்கும் பரவியது.

மூன்றில் ஒரு பங்கு

குகைக்குள் மூழ்குகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. கொண்டுபோகும் காற்றை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். உள்ளே போக ஒரு பங்கு. வெளியே வர ஒரு பங்கு. மூன்றாவது பங்கு ஆபத்துக்கு உதவும் கையிருப்பு.

இன்னொரு விதி: போகும் வழி எல்லாம் மெல்லிய நைலான் கயிறு கட்டிக்கொண்டே போக வேண்டும். திரும்பும்போது அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து விடலாம். வழி தெரியாத இருட்டில் அந்தக் கயிறுதான் கண்!

கயிறு எங்கே?

ஏப்ரல் 15-ந் தேதி, சனிக்கிழமை. கிராசியா "சா பிக்கேட்டா" என்ற குகைக்குள் இறங்கினார். அவருடைய நண்பர் கில்லெம் மஸ்காரோவும் உடன் சென்றார். உள்ளே வெகு தூரம் போனார்கள். கிராசியா பாறைத் துண்டுகளைச் சேகரித்தார். நண்பர் பக்கத்து வழிகளை ஆராய்ந்தார்.

திரும்பும் நேரம் வந்தது. அடியில் கிடந்த சேறு கிளம்பி, தண்ணீர் கலங்கி விட்டது. கையை முகத்துக்கு நேராக நீட்டினாலும் தெரியவில்லை. கயிற்றைத் தேடினார்கள். காணோம்! அது அறுந்து போயிருந்தது.

இருவரும் பாறையைத் தடவித் தடவித் தேடினார்கள். ஒரு மணி நேரம் ஓடியது. வெளியே வருவதற்கான காற்று கரைந்தது. ஆபத்துக்கு வைத்திருந்த காற்றும் கரைந்தது.

அந்தக் குகையில், தண்ணீருக்கு மேல் காற்று நிற்கும் அறை ஒன்று உண்டு என்று மற்றவர்கள் சொல்லி கிராசியா கேட்டிருந்தார். அது நினைவுக்கு வந்தது. இருவரும் அங்கே போய்த் தலையைத் தூக்கினார்கள்.

யார் போவது?

மிச்சம் இருந்த காற்று ஒருவருக்குத்தான் போதும்! ஒருவர் போக வேண்டும். ஒருவர் இருக்க வேண்டும்.

மஸ்காரோ ஒல்லியானவர். அவருக்குக் காற்று குறைவாகச் செலவாகும். ஆகவே அவர் போவது என்று முடிவாயிற்று. கயிறு இல்லாத சுற்று வழியில், கலங்கிய தண்ணீரில், அவர் தனியாக மூழ்கினார்.

கிராசியா தனியாக நின்றார்.

காட்டப் பயன்பட்ட மூன்று விளக்குகளில் இரண்டு கெட்டு விட்டன. மூன்றாவதில் உயிர் கொஞ்சம்தான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் அறையைப் பார்த்தார். நீளம் சுமார் 80 மீட்டர். அகலம் 20 மீட்டர். தண்ணீருக்கு மேல் 12 மீட்டர் உயரம். ஒரு தட்டையான பாறை இருந்தது. அதன் மேல் ஏறிக்கொண்டார். பிறகு விளக்கை அணைத்து விட்டார். தண்ணீர் குடிக்க இறங்கும்போது மட்டுமே ஏற்றுவார். மேல்மட்டத்துத் தண்ணீர் குடிக்கத் தக்கதாக இருந்தது. அது அவருடைய அதிர்ஷ்டம்!

விஷமான காற்று

நாம் சுவாசிக்கும் காற்றில் கரியமில வாயு 10,000 பங்குக்கு 4 பங்குதான் இருக்கும். அந்த அறையில் 100-க்கு 5 பங்கு இருந்தது. அதாவது, நூறு மடங்குக்கும் மேல்! தலை வெடிப்பது போல வலித்தது. தூக்கம் வரவில்லை. தண்ணீரில் வெளிச்சம் தெரிவது போல இருக்கும். யாரோ வருவது போலக் குமிழிச் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இராது.

முதலில் சில மணி நேரம் நம்பிக்கை இருந்தது. நேரம் போகப் போக அது குறைந்தது. "நண்பர் வழி தவறி இறந்திருப்பார். நான் இங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது" என்று எண்ணினார். பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது.

ஆனால், நண்பர் இறக்கவில்லை! வெளியே வந்து செய்தி சொல்லி விட்டார். உதவிக்கு ஆட்கள் விரைந்தார்கள். உள்ளே மூழ்கினார்கள், தண்ணீர் தெளியாததால் திரும்பினார்கள். மேலிருந்து பாறையைத் துளைத்து உணவு அனுப்ப முயன்றார்கள். அதுவும் பலிக்கவில்லை. துளைக்கும் சத்தம் மட்டும் கிராசியாவுக்குக் கேட்டது. தம்மைத் தேடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டார்.

மறுபடியும் தண்ணீரில் வெளிச்சம். இதுவும் மனப்பிரமைதான் என்று நினைத்தார். வெளிச்சத்தின் பின்னால் ஒரு தலைக்கவசம் எழுந்தது. அவருடைய பழைய நண்பர் பெர்னாட் கிளமோர்! கிராசியா தண்ணீரில் குதித்து அவரைக் கட்டிக்கொண்டார்.

17-ந் தேதி, திங்கட்கிழமை, அவரை வெளியே கொண்டுவந்தார்கள். உடம்பின் சூடு 32 டிகிரிக்கு இறங்கி இருந்தது. இரவு முழுவதும் பிராணவாயு கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

தனியாக மூழ்கலாமா?

"இருவராகப் போ" என்பதே கடலில் மூழ்குகிறவர்கள் படிக்கும் முதல் பாடம். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவர் கொடுப்பார்.

தனியாக மூழ்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனிப் பயிற்சி உண்டு. அப்படிப் பயிற்சி தரும் ஒரு நிறுவனம், 21 வயது நிரம்பி, 100 தடவை மூழ்கிப் பழகியவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கிறது. அவர்கள் தனிக் குழாயுடன் இன்னொரு சிலிண்டரையும் கட்டிக்கொள்ள வேண்டும். கை கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் அந்தச் சிலிண்டர்தான் துணை.

குகையில் இருந்து மீண்ட கிராசியா என்ன செய்தார்? மூழ்குவதை விட்டு விட்டாரா? இல்லை! அடுத்த மாதமே மறுபடியும் தண்ணீரில் இறங்கினார். தாம் 60 மணி நேரம் இருந்த அந்த அறையையும் போய்ப் பார்த்து வந்தார்.

அவர் பிழைத்தது பாறையினால் அல்ல. குடித்த தண்ணீரால் மட்டும் அல்ல. மிச்சம் இருந்த காற்றை நண்பர் கையில் கொடுத்து, "நீ போ" என்று சொன்னார். போனவர் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார்!