ஆள் இருக்கு... லிஸ்ட்ல பேர் இருக்கா? ஜாவா ‘எம்பீன்’ பதிவை ஏன் டெஸ்ட் பண்ணணும்?

வோட்டர் ஐடி கையில் இருக்கு. பூத்துக்கும் போயாச்சு. ஆனா லிஸ்ட்ல பேர் இல்ல. திரும்பி வர வேண்டியதுதான். ஜாவா மென்பொருளிலும் இதே கதை நடக்கும். அங்கே அந்த லிஸ்ட்டுக்குப் பெயர் ‘எம்பீன் சர்வர்’.

சங்கரன்கோவில் என்றால் ஆடித்தபசும் விசைத்தறியும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அதே தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-ல் அலுவலகம் திறந்தது. அந்நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் அப்ளிகேஷன்ஸ் மேனேஜர், எம்பீன்களைப் படித்து ஜாவா அப்ளிகேஷன்களைக் கண்காணிக்கும். ஆக, இது நம்ம ஊர்ப் பக்கத்து விஷயம்தான்.

எம்பீன் என்றால் என்ன?

ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனின் நிலவரத்தை வெளியே சொல்லும் சின்ன ஆப்ஜெக்ட். இதற்கான ஜேஎம்எக்ஸ் தொழில்நுட்பம், 2004-ல் வந்த ஜாவா 5 முதல் ஜாவாவுடனேயே கிடைக்கிறது. பல சிஸ்டம்களை இணைக்க உதவும் ‘அப்பாச்சி கேமல்’, ஒவ்வொரு ரூட்டுக்கும் ஓர் எம்பீனைப் பதிவு செய்யும். ரூட் ஓடுகிறதா, எத்தனை மெசேஜ் முடிந்தது, எத்தனை ஃபெயில் ஆனது என எல்லாம் அதில் தெரியும்.

பதிவாகலைன்னா என்ன ஆகும்?

அப்ளிகேஷன் அது பாட்டுக்கு ஓடும். எரர் வராது. ஆபத்தே அதுதான். ‘ஃபெயில் எண்ணிக்கை கூடினால் அலர்ட்’ என்று செட் பண்ணியிருப்பீங்க. எண்ணிக்கையே வரலைன்னா அலர்ட் எங்கிருந்து வரும்? ராத்திரி 2 மணிக்கு ஆர்டர்கள் சிக்கி நின்றாலும் திரை அமைதியாகவே இருக்கும். காலையில் கஸ்டமர் போன் பண்ணும்போதுதான் விஷயம் தெரியும்.

தென்காசி தனி மாவட்டமான அதே 2019 நவம்பரில்தான் கேமல் 3 வெளியானது. அதில் ஜேஎம்எக்ஸ் பகுதியும் தனி ஜார் ஃபைலாகப் பிரிந்தது. வெர்ஷன் மாற்றும்போது அதைச் சேர்க்க மறந்தால், எம்பீன்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

எப்படி டெஸ்ட் பண்றது?

* முதலில் டெஸ்ட்டில் ஜேஎம்எக்ஸை ஆன் பண்ணுங்க. கேமலின் டெஸ்ட் கிட்டில் அது வழக்கமாக ஆஃப்பில்தான் இருக்கும்.
* அப்ளிகேஷனைத் தொடங்கி, எம்பீன் சர்வரிடம் ‘இஸ் ரெஜிஸ்டர்ட்’ மெத்தடில் பெயரைக் கொடுத்துக் கேளுங்க. ‘ட்ரூ’ வரணும்.
* ரூட்டின் பெயரைச் சுற்றியுள்ள இரட்டை மேற்கோள் குறிகளும் பெயரில் சேர்த்திதான். அதை விட்டால், பதிவாகியிருந்தாலும் ‘ஃபால்ஸ்’ வரும்.
* ஒரு மெசேஜ் அனுப்புங்க. முடிந்தவற்றின் எண்ணிக்கை 1 ஆகிறதா பாருங்க. பெயர் இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் சரியா இருக்கணும்.
* நிறுத்திய பிறகு ‘ஃபால்ஸ்’ வரணும். பழைய பதிவு தங்கிவிட்டால் அடுத்த டெஸ்ட்டைக் குழப்பும்.

கடைசியா ஒண்ணு: அந்த ஜார் ஃபைலை வேண்டுமென்றே எடுத்துட்டு டெஸ்ட்டை ஓட்டுங்க. அப்பவும் பாஸ் ஆச்சுன்னா, திருத்த வேண்டியது உங்க டெஸ்ட்டைத்தான்.