குறுங்கால வீட்டு வாடகையும் அனுமதிப்பத்திர முறையும்

வீடு வாழ்விடமாகவும் சந்தைப் பண்டமாகவும் ஒருங்கே விளங்குவது முதலாளித்துவ நகரத்தின் பழைய முரண்பாடாகும். உல்லாசப் பயணிகளுக்கு வீடுகளைச் சில நாட்களுக்கு வாடகைக்கு விடும் வழக்கம், இணையவழி முகவர் நிறுவனங்களின் துணையுடன் பெருவணிகமாகிய பின்னர், இம்முரண்பாடு கூர்மையடைந்துள்ளது. நகர நிர்வாகங்கள் அனுமதிப்பத்திரத்தின் மூலம் இதனைக் கட்டுப்படுத்த முனைகின்றன. இதுபற்றி ஆராய்வோர் பெரும்பாலும் அனுமதிகளின் தொகையையே நோக்குவர். அனுமதி வீட்டைச் சார்ந்ததா, வசிப்பவரைச் சார்ந்ததா என்னும் வினாவே அடிப்படையானது என்பது எமது கருத்து.

ஸ்பெயினின் பார்சலோனா நகரை முதலில் நோக்குவோம். கற்றலோனியப் பிராந்திய அரசின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, 31 நாட்களுக்கு மேற்படாத காலத்துக்குப் பயணிகளுக்கு விடப்படும் வீடு பதிவு செய்யப்படல் வேண்டும். அப்பதிவு வீட்டைச் சார்ந்தது. உரிமையாளர் அங்கு வசிக்கவேண்டியதில்லை. 2014 இல் மாநகர சபை புதிய அனுமதிகளை நிறுத்தியது. பரவல் தடைப்பட்டது மெய்யே. ஆயின், இனிமேற் கிடையாத பத்திரம் அருமைப் பொருளாயிற்று. அதனையுடைய வீடு அயல்வீட்டிலும் கூடிய விலை பெற்றது. கட்டுப்பாட்டுக் கருவியாகத் தோன்றியது தானே ஏகபோக வருவாய் தரும் சொத்தாக மாறிய விந்தை இது.

பிராந்திய அரசின் 2023ஆம் ஆண்டு ஆணைச் சட்டம், வீட்டு நெருக்கடியோ பயணியர் வீடுகளின் செறிவோ மிக்க 262 உள்ளூராட்சிப் பிரிவுகளில், காலவரையற்ற அனுமதிகளை ஐந்தாண்டுக்கு வரையறுத்தது. இதனை ஆதாரமாகக் கொண்டே நகர முதல்வர் ஜௌமே கொல்போனி, 10,101 அனுமதிகளும் 2028 நவம்பரின் பின் புதுப்பிக்கப்படமாட்டா என 2024 யூனில் அறிவித்தார். பத்தாண்டுகளில் வாடகை 68 வீதம் உயர்ந்தமையை அவர் காரணங்காட்டினார். (அவ்வுயர்வு முழுவதையும் இவ்வீடுகளின் மேற் சுமத்துதல் பொருந்தாது, பொது வாடகை வீடுகள் அருகியிருத்தலும் காரணமே.) நட்டஈடின்றிச் சொத்துப் பறிக்கப்படுவதாக உடைமையாளர் முறையிட்டனர். அச்சட்டத்துக்கு எதிரான மனுவை ஸ்பானிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் நிராகரித்தது.

நியூயோர்க் வேறு வழி சென்றது. 2022 இல் இயற்றப்பட்டு 2023 செப்டெம்பரில் செயற்படுத்தப்பட்ட 18ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டம், அவ்வீட்டில் நிரந்தரமாக வசிக்கும் ஆளுக்கே பதிவை வழங்குகின்றது. வாடகைக் குடியிருப்பாளரும், ஒப்பந்தம் தடுக்காவிடின், விண்ணப்பிக்கலாம், கம்பனிகளுக்கு அவ்வாய்ப்பில்லை. 30 நாட்களுக்குக் குறைந்த தங்கலின்போது வசிப்பவர் உடனிருத்தல் வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேற்படலாகாது. பதிவற்ற வீட்டுக்கான கொடுப்பனவை முகவர் நிறுவனங்கள் கையாளுதல் தடுக்கப்பட்டுள்ளது. இத்தகைய பதிவு வீட்டுடன் சேர்த்து விலைபேசப்படும் மூலதனமாதற்கு இடமில்லை.

எனினும், இங்கும் சுமை சமமாக விழவில்லை. இரு குடும்ப வீடொன்றின் சிறு உடைமையாளர் கீழ்மாடியில் வசித்துக்கொண்டு மேல்மாடியை விடுவாராயின், அது உடனிருத்தலாகக் கொள்ளப்படுவதில்லை. கடன் தவணையை இவ்வருமானத்தாற் செலுத்தி வந்தோரின் முறையீட்டையும், பல வீடுகளை ஒருங்கே வைத்து வணிகஞ் செய்வோரின் முறையீட்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. முன்னவருக்கு விலக்களிப்பதாயின், அதனையும் வசிப்பவர் என்ற அடிப்படையிலேயே அளித்தல் வேண்டும்.