உங்கள் பயத்தைக் கண்டுபிடிக்கும் வீடியோ கேம்!

தேனி பக்கம் வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நல்ல ராட்டினக்காரர் மேலேயே ஒரு கண் வைத்திருப்பார். பிள்ளைகள் கத்திச் சிரித்தால் வேகத்தைக் கூட்டுவார். யாராவது அழுதால் குறைப்பார். ஆடுபவரின் மனசைப் பார்த்து ஆட்டத்தை மாற்றும் இந்த வித்தையை வீடியோ கேம்களும் கற்றுவருகின்றன.

எப்படி? பயமோ பரபரப்போ வந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும். உள்ளங்கை வியர்க்கும், அப்போது தோலில் மின்சாரம் எளிதாகப் பாயும். விரலிலோ காதிலோ மாட்டும் சென்சார் இதை அளந்து கேமுக்குச் சொல்லிவிடும்.

1998-லேயே ஜப்பானில் 'டெட்ரிஸ் 64' கேமுடன் காதில் மாட்டும் கிளிப் ஒன்றைக் கொடுத்தார்கள். நாடித் துடிப்புக்கேற்ப ஆட்டத்தின் வேகம் மாறியது. 2015-ல் வந்த 'நெவர்மைண்ட்' இன்னும் ஒரு படி மேலே போனது. அமெரிக்காவின் எரின் ரெனால்ட்ஸ் உருவாக்கிய திகில் கேம் இது. நீங்கள் பதறினால் ஆட்டம் கடினமாகும். மூச்சை நிதானமாக இழுத்துவிட்டு அமைதியானால் எளிதாகும். போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், கோபத்தை அடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்காகவே ஒரு கேமை உருவாக்கினார்கள். துடிப்பு எகிறினால் அதில் சுட முடியாது. ஜெயிக்க வேண்டுமா? முதலில் அமைதியாகு!

ஆனால், சென்சாருக்குத் துடிப்பு கூடியது தெரியும். ஏன் கூடியது என்பது தெரியாது. பயத்திலும் நெஞ்சு படபடக்கும், சந்தோஷத்திலும் படபடக்கும், மாடிப்படி ஏறி வந்தாலும் படபடக்கும். ராட்டினக்காரருக்கு முகத்தைப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

அதைவிட முக்கியமான கேள்வி, இந்தத் தகவல் யார் கைக்குப் போகிறது என்பது. பிள்ளை எந்த நொடியில் துவண்டுபோகிறான் என்று தெரிந்தால், ஆட்டத்தை எளிதாக்கவும் முடியும். அதே நொடியில் 'பணம் கட்டி இன்னொரு உயிர் வாங்கு' என்று ஆசை காட்டவும் முடியும்.

நம் நாட்டின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்த ஒப்புதலைப் பல வீடுகளில் பிள்ளைகளே அம்மாவின் போனில் 'ஓகே' தட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

எனவே, கேமை இன்ஸ்டால் செய்யும்போது கேமராவுக்கோ உடல் சென்சாருக்கோ அனுமதி கேட்டால், பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். 'இந்த கேமுக்கு இது எதற்கு?' என்று கேளுங்கள். பதில் புரியவில்லையென்றால், 'அனுமதிக்காதே' என்பதைத் தட்டுங்கள்.