குழாய் உடைந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

வைகை அணை 1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மதுரை நகரின் குடிநீருக்கு அது ஒரு முக்கிய ஆதாரம். அணையில் தேங்கும் நீரைத் திறக்கவும் அடைக்கவும் மதகுகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வீட்டு மொட்டைமாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியும் ஒரு சின்ன அணைதான். அதற்கும் மதகு உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தெரியுமா?

தொட்டியிலிருந்து கீழே இறங்கும் குழாயில், சிறிய சக்கரம் போன்ற கைப்பிடியுடன் இருக்கும் கேட் வால்வுதான் அந்த மதகு. தெருக்குழாயிலிருந்து நேராக வீட்டுக்குள் நீர் வருமானால், வாசல் பக்கம் இன்னொரு வால்வு இருக்கும். சமையலறைக் குழாய் உடைந்து நீர் பீய்ச்சி அடிக்கும்போது, பலரும் துணியையும் வாளியையும் தேடுவார்கள். ஆனால் முதலில் தேட வேண்டியது வால்வை. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

உயரம் தரும் வேகம்

நீர்மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதற்கேற்ப கீழே அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். துளை வழியே நீர் பாயும் வேகத்துக்கான விதியை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்டார். ஓர் உயரத்திலிருந்து கல் விழுந்தால் தரையைத் தொடும்போது என்ன வேகம் இருக்குமோ, அதே வேகத்தில் நீரும் வெளிவரும் என்பதே அந்த விதி.

தொட்டியின் நீர்மட்டம் உடைந்த இடத்துக்கு மேல் 6 மீட்டரில் இருந்தால், அந்த வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர். குழாயின் உராய்வாலும் வளைவுகளாலும் உண்மையில் இது வெகுவாகக் குறையும். விநாடிக்கு அரை லிட்டர் மட்டுமே வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். 1,000 லிட்டர் தொட்டி 33 நிமிடங்களில் காலியாகிவிடும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள அறையில் அந்த நீர் முழுவதும் தேங்கினால், 8 செ.மீ. உயரத்துக்கு நிற்கும்!

விரலால் பொத்திப் பிடிக்கலாமே என்கிறீர்களா? அரை அங்குலக் குழாயின் வாயை அந்த அழுத்தத்தில் அடைப்பது ஒரு கிலோ எடையை விரலால் தாங்குவதற்குச் சமம். கொஞ்ச நேரம் முடியும். பிளம்பர் வரும்வரை முடியாது.

செய்ய வேண்டியவை

1. வால்வை வலப்புறமாகத் திருகி மூடுங்கள். மோட்டார் ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்து, அதன் கீழ் வாளியை வையுங்கள். குழாய்க்குள் மிச்சமிருக்கும் நீர் அதன் வழியே வடிந்துவிடும்.

2. குழாய் நீர் தூய நீரன்று. அதில் கரைந்துள்ள உப்புகளால் அது மின்சாரத்தைக் கடத்தும். சுவிட்சுப் பலகை நனைந்தாலோ, தரையில் கிடக்கும் மின்கம்பியை நீர் தொட்டாலோ, அந்த நீரில் கால் வைக்காதீர்கள். மெயின் சுவிட்ச் உலர்ந்த இடத்தில் இருந்தால் மட்டுமே பெரியவர்கள் அதை அணைக்கலாம். இல்லையேல் மின்வாரியத்தாரை அழைக்க வேண்டும்.

3. வால்வு துருப்பிடித்துத் திரும்பவில்லையா? துணி சுற்றிய மரக்கட்டையால், தொட்டிக்குள் இருக்கும் குழாய்வாயைப் பெரியவர் ஒருவர் அடைக்கலாம். குழாயின் கீழ்முனையில் அடைத்தால் நீர் கட்டையை வெளியே தள்ளும். தொட்டிக்குள் அடைத்தாலோ, அதே நீர் கட்டையை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொள்ளும்!

4. வெடிப்பு சிறியதானால், பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து, நன்றாக இழுத்து, ஒரு சுற்றின் பாதி அடுத்த சுற்றின்மேல் வரும்படி இறுக்கிச் சுற்றலாம். பழைய நிலைக்குச் சுருங்க முயலும் ரப்பர், வெடிப்பை அழுத்தி மூடும். இது தற்காலிக வைத்தியமே.

5. அரிசி மூட்டையையும் புத்தகங்களையும் முதலில் மேலே ஏற்றுங்கள். சாக்கின் அடி நனைந்தால் போதும், நுண்புழைகள் வழியே ஈரம் மேலேறிவிடும். பிறகு நீரை வாரி இறைத்து, கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள். ஈரம் ஓரிரு நாள் நீடித்தாலே பூஞ்சை முளைக்கத் தொடங்கும்.

சத்தமில்லாத எதிரி

உடைந்த குழாய் உடனே கண்ணில் படும். கசிவு அப்படியல்ல. கான்கிரீட்டுக்குள் ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து நெருக்குவதால் கூரையின் பூச்சு பெயர்ந்து விழுகிறது.

திருமங்கலம் போன்ற கரிசல் மண் பகுதிகளில் இன்னொரு தொல்லை. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அடித்தளத்துக்கு அருகே புதைந்த குழாய் கசிந்தால், ஒரு பக்கத்து மண் மட்டும் உப்பி, சுவரில் விரிசல் விழலாம்.

நீர் விட்டு விட்டு வரும் குழாய்களில் உடல்நலத்துக்கும் ஆபத்து உண்டு. நீர் வரும்போது வெடிப்பின் வழியே நீர் வெளியே கசியும். நின்றபின் குழாய்க்குள் அழுத்தம் குறைவதால், சுற்றியுள்ள சாக்கடை நீர் அதே வெடிப்பின் வழியே உள்ளே புகலாம். நீர் கலங்கியோ நாற்றத்துடனோ வந்தால் அதைக் குடிக்காமல் மாநகராட்சிக்குத் தெரிவியுங்கள். வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் இப்படிப் பரவக்கூடும்.

மழைக்கு முன்னே

குழாய் உடையாமலேயே வீட்டுக்குள் நீர் வருவதும் உண்டு. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1 செ.மீ. மழை பெய்தால், விழும் நீர் 1,000 லிட்டர். அது ஒரு தொட்டி நீர். எடை ஒரு டன்! 2024 அக்டோபர் 25-இல் மதுரையில் பெய்த பெருமழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்கள் வெள்ளக்காடாயின. அத்தகைய மழையில் மாடியின் நீர்ப்போக்கியை வேப்பிலைச் சருகு அடைத்திருந்தால் என்ன ஆகும்? புரட்டாசியிலேயே அதைச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

இரவில் எல்லாக் குழாய்களையும் மூடியபின், பெரியவர் ஒருவர் உதவியுடன், குச்சியால் தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து குறியுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி அளவுங்கள். மட்டம் தெளிவாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயிலிருந்து ஒரு நாளில் விழுபவை 86,400 சொட்டுகள். 20 சொட்டுகள் ஒரு மில்லிலிட்டர் என்றால், அது எத்தனை லிட்டர்? கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பல ஆண்டுகள் திருகாமல் விட்ட வால்வு, அவசரத்தில் அசையாது. மாதம் ஒருமுறை அதை மூடித் திறக்கும் பொறுப்பை வீட்டில் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வால்வு இருக்கும் இடத்தைத் தம்பி தங்கைக்கும் காட்டி வையுங்கள்.