ஒண்டிக்கட்டைக்கு ஏது வீடு?

ரந்தாவ் பக்கத்தில் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், லயத்தின் கடைசி வீட்டில் ஓர் அத்தை இருந்தார். யாருக்கு அத்தை என்று எவரும் கேட்டதில்லை. கல்யாணம் கட்டாதவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் தூக்கி, மத்தியானம் ஒட்டுப்பால் மூட்டையோடு திரும்புவார். கண் மங்கியதும் ஆயாக் கொட்டகைக்கு மாற்றினார்கள். நாங்களெல்லாம் அவர் ஆட்டிய தொட்டிலில் தூங்கியவர்கள்தாம்.

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். ஆனால் குடும்பஸ்தனுக்கு ஒரு வழி இருந்தது. அப்பா ஓய்வு பெறும் முன்பே மகன் மரம் வெட்ட இறங்கியிருப்பான். வீடு அவன் பேருக்கு மாறிவிடும். ஒண்டிக்கட்டைக்கு யார் பேருக்கு மாற்றுவது? 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் வீட்டைக் காலி செய்யவேண்டும். அத்தைக்குப் பக்கத்து வீட்டார் தங்கள் பின்கட்டில் பலகைத் தடுப்பு அடித்து ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தார்கள். தோட்டத்துக் கிராணி கண்டும் காணாததுபோல் போனார். அத்தைக்குக் கிடைத்த சமூகநலத் திட்டம் அவ்வளவுதான்.

கூலிக் கணக்கிலும் இதே கதைதான். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. பெண்ணின் கூலி புருஷன் கூலியோடு சேரும் என்ற நினைப்பு அதற்குள் இருந்தது. புருஷன் இல்லாதவளுக்கு அந்த நாற்பதுதான் எல்லாம். ஜப்பான்காரன் காலத்தில் ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது, அப்படித் தனித்து நின்ற பெண்கள் லயத்துக்கு லயம் இருந்தார்கள்.

இத்தனைக்கும் இது நெகிரி செம்பிலான். தோட்ட எல்லையைத் தாண்டினால் மலாய்க் கம்பம். அங்கே அடாட் பெர்பாத்தே வழக்கப்படி பூர்வீக நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். 1909இல் அதைச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். கம்பத்துப் பெண் கல்யாணம் ஆகாமல் இருந்தாலும் தாய்வழி நிலத்தில் அவளுக்குப் பங்கு உண்டு. அத்தை அந்த வேலியோரமாகத்தான் தினமும் நடந்து போனார்.

பிறகு உதவித்தொகைகளின் காலம் வந்தது. 2012இல் பிரிம் என்ற அரசாங்க உதவித்தொகை தொடங்கியபோது குடும்பத்துக்கு 500 வெள்ளி. கல்யாணமாகாதவர்களை அடுத்த ஆண்டுதான் சேர்த்தார்கள், 250 வெள்ளி. பாதி ஆள் என்று கணக்குப் போட்டார்கள் போலிருக்கிறது! ஆட்சி மாறியதும் அதுவும் நின்றது. 2020இல் 40 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் திரும்பியது. 2023இல் ரஹ்மா உதவித்தொகையில் ‘துணையில்லாத மூத்தோர்’ என்று ஒரு பிரிவே இருந்தது, 600 வெள்ளி. தொகை பெரிதில்லை. ஆனாலும் அத்தை மாதிரி ஆட்களுக்கு அரசாங்கப் பாரத்தில் ஓர் இடம் கிடைத்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பெயர் கிடைக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘தனித்து வாழும் தாய்’ என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும், உதவியும் உண்டு. தாயாகாமல் தனித்து வாழ்கிற ஐம்பது வயதுக்காரியை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? தமிழ்நாட்டில் 50 வயது கடந்த திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கென்றே 2008 முதல் ஓய்வூதியம் இருக்கிறது. இன்னொரு கூட்டமும் உண்டு. 1982 மார்ச் 1 முதல் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்குத் திருமணப் பதிவு கட்டாயம். அதற்குப் பிறகும் கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். புருஷன் இறந்து, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பென்ஷனுக்குப் போய் நிற்கும்போதுதான், காகிதத்தில் தான் கல்யாணமாகாதவள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவரும்.

லயங்கள் இப்போது எப்படி இருக்கின்றன? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புத் தாமான்களாகிவிட்டன. எங்கள் சனம் சிரம்பான் பக்கத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கும் தோட்டக் குடியிருப்புகளில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இருக்கிறார்கள். ஊரில் பெண்டாட்டி பிள்ளை இருந்தாலும் கூட்டிவர முடியாது. இங்கே கல்யாணம் கட்டவும் கூடாது. வேலை பெர்மிட்டின் நிபந்தனை அது. போன மாசித் திருவிழாவுக்குத் தோட்டத்துக் கோயிலுக்குப் போயிருந்தேன். அத்தையின் வீட்டு வாசலில் கொடி கட்டி ஏழெட்டு ஆண் சட்டைகள் காய்ந்தன. ஒரு புடவை இல்லை. ஆயாக் கொட்டகையில் உர மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

அடுக்குமாடிகளில் அத்தைகள் இன்னும் இருக்கிறார்கள். பின்கட்டில் அறை ஒதுக்கிக் கொடுக்க அங்கே பின்கட்டு இல்லை. உங்கள் மாடியில் அப்படி ஒருவர் தனியாக இருந்தால், 60 வயது கடந்திருந்தால், ரஹ்மா உதவிக்கு அவர் பேரைப் பதிந்துகொடுங்கள். வருமானமும் ஆதரவும் இல்லாதவரென்றால் சமூகநல இலாகாவின் மாத உதவிக்கும் மனுப் போடலாம். பாரத்தில் துணைவர் பெயர், பிள்ளைகள் பெயர் என்று வரும் கட்டங்களைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கூட உட்கார்ந்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.