கடல் அழித்த கோவிலை எங்கே கட்டுவது?

சென்னை ஆழ்வார்பேட்டையிலிருந்து கிழக்கு நோக்கி நடந்தால் சிறிது நேரத்தில் இலஸ் பகுதியிலுள்ள பிரகாச மாதா கோவிலை அடையலாம். கடலில் புயலில் சிக்கித் தவித்த போர்ச்சுகீசியருக்கு ஓர் ஒளி வழிகாட்டியது என்றும், அது மறைந்த இடத்தில் 1516 இல் அவர்கள் இக்கோவிலை எழுப்பினர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் சுற்றிலும் காடாக இருந்தமையால் இதற்குக் 'காட்டுக் கோவில்' என்ற பெயரும் உண்டு. கடற்கரை இங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆனால் அதே சமயத்தார் கட்டிய சாந்தோம் கோவிலோ கரையை ஒட்டியே நிற்கிறது. புனித தோமையாரின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பப்படுவதால், பழைய கட்டடத்தை அகற்றிவிட்டு 1896 இல் புதிய கோவிலை எழுப்பியபோதும் இடத்தை மாற்ற எவரும் எண்ணவில்லை.

வழிபாட்டிடத்தை நம்பிக்கை ஓரிடத்தில் கட்டிப் போடுகிறது. கடலோ அதை அங்கிருந்து பெயர்க்கப் பார்க்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே முடிவு எடுக்க வேண்டிய நிலை ஒரு முறை தரங்கம்பாடியில் ஏற்பட்டது.

தரங்கம்பாடியில் நடந்தது

தரங்கம் என்றால் அலை. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் அடங்கிய இவ்வூரில் டென்மார்க்கு நாட்டார் 1620 இல் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1706 இல் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு மிஷனரிகள் இங்கு வந்து இறங்கினர். மறு ஆண்டே, 1707 இல், எருசலேம் கோவில் என்ற சிறிய ஆலயம் ஒன்றை அமைத்தனர். பள்ளிகள் தோன்றின, அச்சுக்கூடமும் வந்தது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது 1715 இல்தான்.

அதே ஆண்டில் கடல் பொங்கி அந்தச் சிறிய கோவிலைப் பாழாக்கியது என்று தரங்கம்பாடி வரலாறு கூறும். அப்போது சீகன்பால்கு ஐரோப்பாவில் இருந்தார். கிரண்ட்லர் என்பவர் பணிகளைக் கவனித்து வந்தார். 1716 இல் சீகன்பால்கு திரும்பியதும் புதிய கோவில் வேலை தொடங்கியது. 1717 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1718 அக்டோபர் 11 ஆம் நாள் புதிய எருசலேம் கோவில் திறக்கப்பெற்றது. அது பழைய இடத்தில் எழவில்லை. கோட்டைப் பக்கத்தையும் நகர வாயிலையும் இணைக்கும் இராஜ வீதியில் எழுந்தது. நான்கு கரங்களும் சமமான சிலுவை வடிவக் கட்டடம் அது. அடுத்த ஆண்டே சீகன்பால்கு மறைந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் இடத்தை மாற்றினார்களே தவிர, ஊரை மாற்றவில்லை. பள்ளி, அச்சுக்கூடம், சபை மக்கள் எல்லாம் தரங்கம்பாடியிலேயே இருந்தன. மக்களை விட்டு விலகிய கோவில் வெறுங்கட்டடமாகத்தான் நிற்கும்.

பொங்கிய நீர் எது?

கடல் நீர் நிலத்தின்மேல் ஏறுவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று புயல் அலை. புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைகிறது. ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். இதைவிடப் பெரிய வேலையைச் செய்வது காற்று. ஆழமற்ற கரையோரக் கடலில் அது நீரைத் தள்ளிக் கொண்டுவந்து குவித்துவிடுகிறது. வங்கக் கடற்கரையில் அடிக்கடி நேர்வது இதுதான்.

மற்றொன்று ஆழிப்பேரலை, அதாவது சுனாமி. கடலடித் தரை திடீரென இடம் பெயர்வதால் இது பிறக்கிறது. இதன் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர்தான். முன்னே செல்லும் நீர் வேகம் குறைய, பின்னே வரும் நீர் நெருக்க, அலை உயர்கிறது. நடுக்கடலில் அரை மீட்டரே இருந்த அலை, 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது இரண்டு மீட்டருக்கு மேல் எழுந்துவிடும். 2004 டிசம்பர் 26 இல் சுமத்திரா அருகே பிறந்த அலை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் சென்னைக் கரையைத் தொட்டது.

இவை தவிர, ஓசையின்றி நடக்கும் மூன்றாவது அழிவும் உண்டு. அது கடல் அரிப்பு. 1306 இல் தரங்கம்பாடியில் கட்டப்பெற்ற மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாகத் தின்றுவிட்டது. சோழமண்டலக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. அதைத் தடுத்தால் ஓரிடம் வளரும், மற்றோரிடம் தேயும். சென்னைத் துறைமுகம் எழுந்த பின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் அரிக்கப்பட்டதும் இதனால்தான்.

தொலைவா, உயரமா?

கரையிலிருந்து விலகினால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். தொலைவைவிட உயரமே முக்கியமானது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் நிலத்தில் நூறு மீட்டர் உள்ளே போனால் ஒரு மீட்டர் பாதுகாப்பு கிடைக்கும். ஐந்நூறு மீட்டருக்கு ஒரு மீட்டரே ஏறும் சமவெளியில் அதே நூறு மீட்டர் நமக்குத் தருவது 20 சென்டிமீட்டர்தான். இடையில் மணல்மேடும் மரங்களும் இருந்தால் நீரின் வேகம் குறையும். ஆற்றுமுகமோ தாழ்ந்த ஓடையோ இருந்தால் நீர் அவ்வழியே நெடுந்தொலைவு உட்புகும்.

பின்வாங்க நிலமே இல்லாத ஊர்களும் உண்டு. தனுஷ்கோடி இருபுறமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய மணல்திட்டு. 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் அதை அழித்தது. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. அங்கிருந்த மாதா கோவில் மீண்டும் கட்டப்படவில்லை. அதன் இடிந்த சுவர்களே எஞ்சியுள்ளன.

இன்றும் அதே கேள்வி

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தரங்கம்பாடியையும் தாக்கியது. பல உயிர்களைப் பறித்தது. புதிய எருசலேம் கோவிலும் பாதிப்புக்குத் தப்பவில்லை. ஆயினும் இடிந்து விழவில்லை. 2006 இல் புதுப்பிக்கப்பெற்றது. உள்ளே தள்ளிக் கட்டுவது ஆபத்தைக் குறைக்குமே அன்றி நீக்கிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

ஆலயத்தை விடக் கடினமான கேள்வி வீடுகளைப் பற்றியது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர் அந்த எல்லைக்கு அப்பால் செல்ல இசைந்தால் புது வீடு தரப்படும் என்றும், மறுப்போர் தம் செலவில் பழுது பார்த்துக் கொள்ளலாம் என்றும் தமிழக அரசு 2005 மார்ச்சில் ஆணையிட்டது. கிறித்தவ அமைப்புகளும் பிற தொண்டு நிறுவனங்களும் கட்டும் பணியில் இறங்கின. மீனவர் பலர் தயங்கினர். அதில் வியப்பில்லை. படகும் வலையும் கண்பார்வையில் இருக்க வேண்டும். கடலின் நிறத்தையும் காற்றின் திசையையும் விடியற்காலையில் வாசலிலிருந்தே பார்த்தாக வேண்டும். வீடு உள்ளே போனால் உயிருக்குப் பாதுகாப்பு, தொழிலுக்கு இடையூறு. அவர்கள் விட்டுச் சென்ற கரை பின்னர் யார் கைக்குப் போகும் என்ற அச்சமும் இருந்தது.

ஆகவே மீண்டும் கட்டுவோர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த நிலம் கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம்? இதற்கும் கடலுக்கும் இடையே என்ன இருக்கிறது? இங்கு வாழ்பவர் எதைக் கொண்டு பிழைப்பர்? முதலிரண்டுக்கும் அளவுகோல் விடை சொல்லும். மூன்றாவதற்கு விடை சொல்ல வேண்டியவர் அங்கே வாழப் போகிறவரே. சீகன்பால்கு கரையை விட்டு விலகியும் ஊரை விட்டு விலகாமல் நின்றதில் இம்மூன்றுக்கும் இடமிருக்கக் காண்கிறோம்.