கணினியும் அட்சரகணிதமும்

பிரெஞ்சு வானியலறிஞர் தெலோனே என்பார் சந்திரனின் இயக்கத்தை அட்சரகணிதக் கோவைகளால் விளக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்தார். அவரது நூல் 1860இலும் 1867இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1970இல் ஆய்வாளர் மூவர் அக்கணிப்பைக் கணினி கொண்டு மீளச் செய்தனர். ஏறத்தாழ 20 மணி நேரத்தில் அது நிறைவுற்றது. தெலோனேயின் வழுக்கள் மிகச் சிலவே என்பதும் புலனாயிற்று.

சாதாரண கணிப்பான் 2இன் வர்க்கமூலத்தை 1.41421356 எனத் தறித்து நிறுத்தும். அட்சரகணித மென்பொருளோ எண்களோடு எழுத்துக்களையும் விதிப்படி கையாண்டு, விடையை √2 என்றே, அச்சு நூலிற் காண்பது போலத் திரையிற் காட்டும். மக்ஸிமா என்பது இவ்வகையில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்று.

நீளம் அகலத்திலும் 3 மீற்றர் கூடிய செவ்வக நிலமொன்றின் பரப்பு 40 சதுர மீற்றர் என்க. அகலம் 'அ' ஆயின், அ² + 3அ − 40 = 0. மென்பொருள் 5, −8 என்னும் இரு விடைகளையும் கணப்பொழுதில் தரும். எனினும் அது நிலத்தை அறியாது; சமன்பாட்டை மட்டுமே அறியும். ஆதலின், இப்பொறிக்கு வகுப்பறையில் இடமளிக்கும் ஆசிரியர், “−8ஐ ஏன் நீக்கினாய்?” என்று மாணவனை வினவுதல் இன்றியமையாதது.